ஸ்லைடை இன்னொரு கண் பார்க்கட்டும்

அப்பாவின் மருத்துவ ஃபைலைக் கையில் வைத்திருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும்,

இந்த மடலை மருத்துவர்களுக்கு எழுதியிருக்கலாம். அப்பாக்களுக்கே எழுதியிருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் அறுபது, எழுபது வயது ஆணின் உடம்பைப் பற்றி முடிவெடுப்பவர் பெரும்பாலும் அந்த ஆண் இல்லை. டோக்கன் போடுவது நீங்கள். ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிவருவது நீங்கள். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மருத்துவரின் அறைக்குள் போய்ப் பேசுவதும், அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுவதும் நீங்கள்தான். அதனால் உங்களிடமே நேராகச் சொல்கிறேன். புராஸ்டேட் சுரப்பியில் எடுத்த பயாப்ஸி புற்றுநோய் என்று வந்தால், திரும்பப் பெற முடியாத எந்தச் சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தத் திசுவின் ஸ்லைடை வேறொரு நோயியல் மருத்துவரும் படிக்கும்படி செய்யுங்கள். புராஸ்டேட் திசுவை நிறையப் பார்த்துப் பழகியவராக அவர் இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதை ஏன் கேட்கிறேன், இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

அச்சம் தொடங்கும் இடத்தை முதலில் பாருங்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 4-க்குள் இருக்க வேண்டும் என்று அச்சாகியிருக்கும். அப்பாவுக்கு 7 என்று வந்தால் அன்று இரவே உங்கள் கைபேசித் தேடலில் எலும்பில் பரவிய புற்றுநோய் வரை போய்விடுகிறீர்கள். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். நல்ல செல்லும் அதைச் சுரக்கிறது, கெட்ட செல்லும் சுரக்கிறது. சுரப்பி பருத்தால் அளவு கூடும், சிறுநீரில் தொற்று இருந்தால் கூடும், சிறுநீர் அடைத்து டியூப் போட்டிருந்தாலும் கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1986-இல் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்தபோது, ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களின் நிலையைக் கண்காணிக்கவே தந்தது. நோயைக் கண்டறியத் துணையாகப் பயன்படுத்த அனுமதி வந்தது 1994-இல். இன்றும் 4-க்கும் 10-க்கும் இடையில் பி.எஸ்.ஏ. உள்ள ஆண்களுக்குப் பயாப்ஸி எடுத்தால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. மற்ற மூவருக்கு அந்த எண்ணை உயர்த்தியது வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஏதோ ஒன்று பெரும்பாலும் வயதோடு சுரப்பிக்கு வரும் சாதாரணப் பருமன். பிரேதப் பரிசோதனை ஆய்வுகளின்படி, ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேலும் இது இருக்கிறது. சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள உட்பகுதியில் இது வளரும். புற்றுநோயோ பத்தில் ஏழு பங்கு, மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில் தோன்றுவது. இந்தப் பருமன் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இரவில் நான்கு முறை எழுப்பும், சிறுநீரைச் சொட்டச் சொட்டப் போகவைக்கும், சில நேரம் முற்றிலும் அடைத்துவிடும். தொல்லைதான், ஆனால் உயிர் குடிக்கும் நோய் அன்று. ஒரே ஆணுக்குப் பருமனும் புற்றுநோயும் சேர்ந்தே இருக்கலாம் என்பதும் உண்மை. அதனால்தான் எண்ணை மட்டும் நம்பாமல் மருத்துவர்கள் பயாப்ஸிக்குப் போகிறார்கள். அது சரியான படி. நான் உங்களை நிறுத்திவைக்க விரும்புவது அதற்கு அடுத்த படியில்.

பயாப்ஸி முடிவு என்றதும், ஏதோ எந்திரம் கணக்குப் போட்டுச் சொன்ன விடை என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். நடப்பது வேறு. ஊசி வழியாக வழக்கமாகப் பன்னிரண்டு இடங்களில் திசு எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் நூல் போல ஒரு மில்லிமீட்டர் தடிமன், ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். அதை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றுகிறார்கள். பிறகு நோயியல் மருத்துவர் ஒருவர் நுண்ணோக்கியில் கண் வைத்து, சுரப்பிகளின் வடிவத்தையும் செல்களின் கருவையும் பார்த்து ஒரு தீர்மானத்துக்கு வருகிறார். இது பயிற்சியும் அனுபவமும் சேர்ந்த மனிதத் தீர்ப்பு. பெரும்பாலான ஸ்லைடுகளில் இந்தத் தீர்ப்பு எளிது. எந்த மருத்துவர் பார்த்தாலும் ஒரே விடைதான் வரும். தகராறு வருவது சில மில்லிமீட்டருக்குள் நெருக்கமாகக் கிடக்கும் பத்திருபது சிறு சுரப்பிகளில். அப்பாவின் மிச்ச வாழ்நாள் அந்தப் பத்திருபது சுரப்பிகளைப் பொறுத்து அமையும்போது, அவற்றை ஒரே கண் பார்த்தது போதும் என்று விட்டுவிடலாமா?

அந்தச் சிறு சுரப்பிகள் எப்படி ஏமாற்றுகின்றன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல புராஸ்டேட் சுரப்பியின் சுவரில் இரண்டு அடுக்குச் செல்கள் உண்டு. உள்ளே சுரக்கும் செல்கள், அவற்றைச் சுற்றி வெளியே, கிணற்றுக்கு இறக்கிய உறை போல, அடித்தளச் செல்களின் மெல்லிய வளையம். புற்றுநோய்ச் சுரப்பியில் அந்த வெளி வளையம் இருக்காது. நோயியல் மருத்துவர் தேடும் முக்கியத் தடயம் இதுதான். ஆனால் அடினோசிஸ் என்றொரு தீங்கற்ற வளர்ச்சி உண்டு. சிறிய சுரப்பிகள் புற்றுநோயில் போலவே கூட்டம் கூட்டமாக நெருங்கி நிற்கும். அவற்றின் வெளி வளையம் முழுதாக இல்லாமல் அங்கங்கே அறுந்து கிடக்கும், சில சுரப்பிகளில் கண்ணுக்கே தென்படாது. அவசரமாகப் பார்த்தால் புற்றுநோய் என்றே தோன்றும். பக்கத்தில் உள்ள பெரிய நல்ல சுரப்பிகளோடு ஒப்பிட்டு, இரண்டின் செல்களும் ஒரே சாயலில் இருப்பதைக் கவனித்தவருக்குத்தான் உண்மை புலப்படும். சுரப்பியின் உட்பகுதியில், சாதாரணப் பருமனோடு சேர்ந்தே இது வளர்வதால், சிறுநீர் அடைப்புக்காகச் சுரண்டி எடுத்த திசுவிலும் திடீரென்று எதிர்ப்படும். இதற்குச் சிகிச்சையே தேவையில்லை.

அடினோசிஸ் தனியாக நிற்கவில்லை, அதற்கு ஒரு கூட்டமே துணை. வயதானவர்களின் புராஸ்டேட்டில் சில சுரப்பிகள் வாடிச் சுருங்குவது இயல்பு. பாதி வாடிய சுரப்பிகள் நெளிந்து வெளிறி, ஊசி பயாப்ஸியில் புற்றுநோயாகத் தவறிப் படிக்கப்படுவதில் முன்வரிசையில் இருக்கின்றன. அடித்தளச் செல்களே பெருகி, கருக்கள் பெரிதாகிப் பயமுறுத்துவதும் உண்டு. ஊசி சற்று ஆழமாகப் போய் விந்துப் பையின் திசுவைக் கொண்டுவந்துவிட்டால், அங்கே வயதின் காரணமாகவே கோரமாகப் பெருத்த கருக்கள் தெரியும். முற்றிலும் தீங்கற்றவை அவை. நம் நாட்டில் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டிய ஒன்றும் உண்டு. காசநோய்க் கிருமி புராஸ்டேட்டைத் தாக்கினாலும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகப் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்தியிருந்தாலும், சுரப்பியில் ஒருவகை அழற்சி வரும். விரலால் தொட்டுப் பார்த்தால் கல் போல இருக்கும், பி.எஸ்.ஏ. ஏறியிருக்கும், ஸ்கேனிலும் சந்தேகப் புள்ளி விழும். மூன்று சோதனைகளும் ஒரே குரலில் புற்றுநோய் என்று சொல்ல, ஸ்லைடு மட்டுமே வேறு கதை சொல்லும். அப்பாவுக்கு முன்பு காசநோய் வந்தது, பி.சி.ஜி. சிகிச்சை நடந்தது என்ற தகவல் உங்கள் நினைவில் இருக்கும், ஸ்லைடு படிப்பவரின் மேசைக்குப் போயிருக்காது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் நீங்கள்.

இதெல்லாம் எங்கோ ஒருமுறை நடக்கும் விபத்து என்று நீங்கள் நினைக்கலாம். இந்தத் துறையின் வரலாறே அப்படிச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில் கிளீசன் மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறதே, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பணியாற்றிய நோயியல் மருத்துவர் டொனால்ட் கிளீசன் 1966-இல் வெளியிட்ட முறை அது. சுரப்பிகளின் ஒழுங்கு குலைவதை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரித்து, இரண்டு தரங்களைக் கூட்டி மதிப்பெண் தருவது. அன்று மிகவும் சாதுவான புற்றுநோய் என்று 1+1=2 எனக் குறிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இன்றைய கண்ணுக்கு அடினோசிஸாகத்தான் இருக்கும் என்று இத்துறையின் வல்லுநர்களே எழுதியிருக்கிறார்கள். அன்று அடித்தளச் செல்களைத் தனியே காட்டும் சாயம் இல்லை. 2005-இல் சர்வதேசச் சிறுநீரியல் நோயியல் சங்கத்தினர் கூடி, மிக அரிதான விதிவிலக்குத் தவிர இந்த 1+1=2 மதிப்பெண்ணையே தரக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அப்படியானால், புற்றுநோய் என்று ஏட்டில் ஏறிய எத்தனையோ ஆண்களுக்கு அந்த நோய் இருந்ததே இல்லை. கிளீசன் திறமைக் குறைவானவர் இல்லை. உலகமே இன்றும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறது. அப்படிப்பட்டவரின் கண்ணையே இந்தச் சிறு சுரப்பிகள் ஏமாற்றியிருக்கின்றன என்றால், ஒரு நாளில் நூறு ஸ்லைடு பார்த்துக் களைத்த கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இன்னொரு சான்றும் தருகிறேன். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு, புராஸ்டேட்டை முழுதாக அகற்றும் அறுவைக்காக வெளியிலிருந்து அனுப்பப்பட்ட 535 ஆண்களின் பயாப்ஸி ஸ்லைடுகளை அறுவைக்கு முன் மறுபடி படித்தார்கள். எல்லோரும் புற்றுநோய் என்று எழுதி வாங்கி, அறுவைக்குத் தயாராக வந்தவர்கள். அவர்களில் 7 பேரின் ஸ்லைடில் புற்றுநோய் என்று சொல்ல இடமில்லை என்று தெரிந்தது. 1996-இல் அந்த முடிவு வெளியானது. நூற்றில் ஒன்றரைக்கும் குறைவு, சிறிய எண்தான். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதம் இந்த எண்ணின் பெருமையில் நிற்கவில்லை. நூற்றில் 98 பேருக்கு மேல் முதல் அறிக்கை சரி என்றே மறுவாசிப்பு சொல்லும், உங்கள் அப்பாவும் அந்தப் பக்கமே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தவறு நேர்ந்த அந்த ஒருவருக்கு நடப்பது ஒன்றரை சதவீத இழப்பாக இருக்காது. நல்ல உறுப்பு ஒன்று முழுதாகப் போயிருக்கும். அதைக் காப்பாற்ற ஆகும் செலவு ஒரு கண்ணாடித் துண்டை இன்னொருவர் மேசைக்குக் கொண்டுபோகும் செலவு. இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள் என்கிறேன்.

சாயம் போட்டுப் பார்த்தாயிற்று, அதனால் ஐயமே இல்லை என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். இம்யூனோ சோதனை என்று சொல்லப்படும் அந்தச் சிறப்புச் சாயங்கள் உண்மையிலேயே பெரிய உதவி. இரண்டு சாயங்கள் அடித்தளச் செல்களை நிறம்பூசிக் காட்டும். மூன்றாவது, புற்றுநோய்ச் செல்களில் மிகுதியாக உள்ள ஒரு நொதியைக் காட்டும். உங்கள் அறிக்கையில் இந்தச் சோதனை நடந்ததா என்று பாருங்கள். சிறிய பகுதியில் மட்டும் புற்றுநோய் என்று எழுதி, இந்தச் சோதனை பற்றி எதுவும் இல்லையென்றால், ஏன் தேவைப்படவில்லை என்று கேளுங்கள். தெளிவான புற்றுநோயில் அது தேவைப்படாமலும் போகலாம். அதே நேரத்தில் சாயத்தையும் கடவுளாக்கிவிட வேண்டாம். புற்றுநோயைக் காட்டும் அந்த மூன்றாவது சாயம் சில அடினோசிஸ்களிலும் பாதி வாடிய சுரப்பிகளிலும் ஏறிக்கொள்ளும். அடித்தளச் செல் வளையமும் நல்ல சுரப்பிகள் சிலவற்றில் சாயத்துக்குச் சிக்காமல் போகும். சாயத்தைப் பொருள்படுத்தவும் பழகிய கண்தான் வேண்டும். ஐயத்துக்குரியது, உறுதி சொல்ல முடியவில்லை என்று அறிக்கை வந்தால், அதை எழுதிய மருத்துவரைத் திட்டாதீர்கள். அது நேர்மையான விடை. அந்த நிலையில் மறுவாசிப்பும், தேவையானால் மறு பயாப்ஸியும்தான் வழி. அப்படி மறுபடி எடுக்கும்போது கணிசமான பேருக்குப் புற்றுநோய் தெரியவருகிறது என்பதால், அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடவும் கூடாது.

இப்போது உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவதும் வலுவானதும் இது: “புற்றுநோய் என்று சொன்ன பிறகு ஒவ்வொரு நாளும் பொன்னல்லவா, இரண்டாவது கருத்து கேட்டு அலைவதற்குள் பரவிவிட்டால்?” உங்கள் பதற்றம் நியாயம். ஆனால் சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் மெல்ல வளர்வது. பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வில், அப்படிப்பட்ட 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஏறத்தாழ 15 ஆண்டு தொடர்ந்து பார்த்து 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் சேர்த்து 45 பேர், அதாவது 2.7 சதவீதம். பிரிவுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது 9.4 சதவீதம், மற்ற இரு பிரிவுகளில் 5 சதவீதத்தை ஒட்டி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் பல ஆண்டு சும்மா இருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆண்டுக் கணக்கில் காத்திருந்தவர்களுக்கே நிலைமை இதுவென்றால், நான் கேட்கும் இரண்டு மூன்று வாரத்தில் எதுவும் கைமீறிப் போய்விடாது. விதிவிலக்கு உண்டு. பி.எஸ்.ஏ. நூற்றுக்கணக்கில் ஏறி, எலும்பு ஸ்கேனில் பரவல் தெரிந்து, முதுகு வலியோ கால் மரத்துப்போவதோ தொடங்கியிருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நம் நாட்டில் அந்த நிலையில் வருபவர்கள் இன்னும் நிறைய. அவர்களுக்காக எழுதிய மடல் இல்லை இது.

“நம்ம டாக்டர் மனசு சங்கடப்படுவாரே” என்பது நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத இரண்டாவது மறுப்பு. குடும்பத்துக்கே வைத்தியம் பார்ப்பவர், சொந்த ஊர்க்காரர், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தை மருத்துவ உலகமே எப்போதோ கடந்துவிட்டது. கடினமான ஸ்லைடு வந்தால் நோயியல் மருத்துவர்கள் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டுவார்கள், மூத்தவருக்கு அனுப்புவார்கள். அது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய புற்றுநோய் மையங்களில், வெளியிலிருந்து வரும் நோயாளியின் ஸ்லைடை மறுபடி படித்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிப்பது வழக்கம். அங்கே போகிறவருக்குத் தானாகக் கிடைக்கும் பாதுகாப்பை மாவட்டத் தலைநகரில் சிகிச்சை பெறும் உங்கள் அப்பாவுக்கு நீங்கள் கேட்டு வாங்கித்தர வேண்டியிருக்கிறது, அவ்வளவே. “டாக்டர், ஆரம்பிப்பதற்கு முன் ஸ்லைடை இன்னொரு முறை ரிவ்யூ பண்ணிடலாமா?” என்று பணிவாகக் கேட்டால், நல்ல மருத்துவர் எவரும் முகம் சுளிக்க மாட்டார். பாதிப் பேர் எங்கே அனுப்பலாம் என்று தாமே சொல்வார்கள். சுளிக்கிறார் என்றால், அதுவும் உங்களுக்குத் தெரியவேண்டிய செய்திதான்.

மூன்றாவது மறுப்பு செலவும் தூரமும். வயதானவரை ரயிலில் ஏற்றி இன்னொரு ஊருக்கு அழைத்துப்போக வேண்டுமே என்று தயங்குகிறீர்கள். அப்பா வீட்டிலேயே இருக்கட்டும், பயணம் போக வேண்டியது ஸ்லைடும் மெழுகு பிளாக்கும். பயாப்ஸித் திசு பதித்த அந்த மெழுகுக் கட்டி தீப்பெட்டியை விடச் சிறியது. ஆய்வகம் அதைப் பாதுகாத்து வைத்திருக்கும், எழுதிக் கேட்டால் தரும். ஸ்லைடை மட்டும் வாங்கிவந்து பிளாக்கை விட்டுவிடாதீர்கள். புதிய சாயம் போட வேண்டுமானால் பிளாக்கிலிருந்துதான் மறுபடி சீவ முடியும். பெரிய புற்றுநோய் மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையிலோ இவற்றைக் கொடுத்தால் போதும். ஆகும் கட்டணம், அறுவையோ கதிர்வீச்சோ ஹார்மோன் ஊசியோ இழுத்துவைக்கும் செலவுக்குப் பக்கத்தில் கூட வராது. கடன் வாங்கி அறுவை செய்யத் தயாராக இருக்கும் குடும்பம், அந்த அறுவை தேவையா என்று உறுதிசெய்யும் செலவை மட்டும் வீண் செலவாகப் பார்ப்பது எனக்குப் புரிவதில்லை.

நான்காவது மறுப்பு எனக்கே கவலை தருவது. “இப்படி எழுதினால், உண்மையிலேயே புற்றுநோய் உள்ளவர்களும் ‘இது வெறும் வீக்கம்தான்’ என்று நம்பிக் கொண்டு சூரணத்தையும் லேகியத்தையும் தேடிப் போய்விட மாட்டார்களா?” மாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற முடியாது. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: மறுவாசிப்பு நீங்கள் விரும்பும் விடையை வாங்கித்தரும் கடை இல்லை. அது இரு பக்கமும் வெட்டும். தீங்கற்ற வளர்ச்சி புற்றுநோயின் முகத்தைப் போட்டுக்கொள்வது போலவே, சிலவகைப் புற்றுநோய்கள் சாதுவான முகத்தோடு திரியும். வாடிய சுரப்பி போலத் தோன்றும் புற்றுநோய் உண்டு, சாதாரணப் பருமன் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் புற்றுநோய் உண்டு, நுரைத்த செல்களோடு ஒன்றுமில்லாதது போலக் கிடக்கும் புற்றுநோயும் உண்டு. மறுவாசிப்பில் கிளீசன் மதிப்பெண் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். கண்காணிப்பு போதும் என்ற நிலை மாறி உடனே சிகிச்சை வேண்டும் என்று ஆகலாம். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துப் புற்றுநோய் என்றே சொல்லிவிட்டால், மூன்றாவது நான்காவது என்று உங்களுக்குப் பிடித்த விடை கிடைக்கும்வரை அலையாதீர்கள். அதற்குப் பிறகு தாமதிப்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகம். நான் வேண்டுவது சரியான பெயரைக் கண்டுபிடிக்கும் உறுதி, நோயை மறுக்கும் சாக்கு இல்லை.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், தவறான பெயருக்கு அந்த மனிதர் கொடுக்கும் விலை. புராஸ்டேட்டை அகற்றிய பிறகு சிலருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. பேருந்தில் ஏறவும் கல்யாணத்துக்குப் போகவும் கூசி, வீட்டோடு முடங்கிப்போகிறார்கள். ஆண்மை குன்றுவது அதைவிடப் பரவலானது. அதைப் பற்றிப் பேச நம் வீடுகளில் இடமே இல்லாததால் கணவனும் மனைவியும் மௌனமாகச் சுமக்கிறார்கள். கதிர்வீச்சு மலக்குடலைப் புண்ணாக்கலாம். ஹார்மோனை அடக்கும் சிகிச்சை எலும்பையும் தசையையும் உருக்கும், உடம்பு கொதிக்கும், மனம் சோரும். நம் நாட்டில் செலவு குறைவு என்பதற்காக விரைகளை அகற்றும் அறுவையும் இன்றுவரை நடக்கிறது. பரவிய புற்றுநோய்க்கு அது பயனுள்ள சிகிச்சைதான், ஆனால் ஒருமுறை செய்தால் செய்ததுதான். உண்மையான புற்றுநோய்க்கு எதிராக இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்வதில் பொருள் உண்டு. வாடிய நாலு சுரப்பிக்காக, ஒரு தீங்கற்ற அடினோசிஸுக்காக ஒருவர் இவற்றைத் தாங்க நேர்ந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? பதில் சொல்ல வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது என்பதுதான் கொடுமை. புற்றுநோய் இல்லாதவருக்குச் சிகிச்சை செய்தால் அவர் நலமாகத்தான் இருப்பார். குணமாகிவிட்டது என்று எல்லோரும் நன்றி சொல்வார்கள். தவறு வெற்றியாகவே கணக்கில் ஏறிவிடும்.

உங்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்” என்ற முடிவை எவ்வளவு எளிதாக எடுத்துவிடுகிறீர்கள். தாங்க மாட்டார் என்கிறீர்கள். குடும்பத்தைத் தாங்கியவர், தன் பெற்றோரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், தன் உடம்பின் செய்தியைத் தாங்க மாட்டாரா? மறைப்பதால் இரண்டு கெடுதல்கள் நேர்கின்றன. பழைய காசநோய், முன்பு போட்ட மாத்திரைகள், எப்போதோ நடந்த சிறுநீர்த் தொற்று என்று அவருக்கு மட்டும் தெரிந்த தகவல்கள் மருத்துவரைச் சென்றடைவதில்லை. பருமனைக் குறைக்க அவர் சாப்பிட்டுவரும் ஃபினாஸ்டரைட், டுட்டாஸ்டரைட் போன்ற மாத்திரைகள் சில மாதங்களில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும் என்பதால், அந்த ஒரு தகவலே எண்ணின் பொருளைத் தலைகீழாக்கும். இரண்டாவது கெடுதல் இதைவிடப் பெரிது. கண்காணிப்போடு இருக்கலாமா, அறுவையா, கதிர்வீச்சா என்று பல வழிகள் திறந்திருக்கும் நோய் இது. எந்த இழப்பை ஏற்க முடியும், எதை முடியாது என்று சொல்லும் உரிமை அந்த உடம்புக்குச் சொந்தக்காரருக்கே உண்டு. உங்கள் அச்சத்தை அவருடைய சம்மதமாக மாற்றிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆகவே என் வேண்டுகோளைத் தொகுத்துச் சொல்லி முடிக்கிறேன். பி.எஸ்.ஏ. சற்றுக் கூடியிருந்தால், தொற்று இருந்ததா, டியூப் போட்டிருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு, மருத்துவர் ஒப்பினால் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பயாப்ஸி முடிவு வந்ததும் முழு அறிக்கையையும் வாங்குங்கள். எத்தனை துண்டுகளில் நோய் தெரிகிறது, எவ்வளவு நீளத்துக்கு, கிளீசன் மதிப்பெண் என்ன, சிறப்புச் சாயம் போட்டார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கி, பழைய நோய் விவரங்களை ஒரு தாளில் எழுதி இணைத்து, புராஸ்டேட் திசுவில் பழகிய இன்னொரு நோயியல் மருத்துவரிடம் சேருங்கள். அவர் விடை வரும்வரை அறுவைக்கோ, கதிர்வீச்சுக்கோ, ஹார்மோன் ஊசிக்கோ தேதி குறிக்காதீர்கள். பரவல் அறிகுறி உள்ளவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. விடை வந்ததும், அது எதுவாக இருந்தாலும், அப்பாவை மருத்துவரின் அறைக்குள் அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்து அவர் காதுபடக் கேளுங்கள். புற்றுநோய்தான் என்றால் உறுதியோடு சிகிச்சையைத் தொடங்கலாம், பின்னால் சந்தேகம் அரிக்காது. இல்லை என்றால் ஒரு மனிதரை முழுதாகக் காப்பாற்றியிருப்பீர்கள். அடுத்த வாரம் அறுவைக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள் உங்களில் யாரேனும் இருந்தால், இன்றே ஆய்வகத்துக்கு ஒரு கடிதம் எழுதி பிளாக்கைக் கேளுங்கள்.

அக்கறையுடன்,
உங்களைப் போன்ற குடும்பங்களுக்காக எழுதும் ஒருவர்